தூதரகத் தேநீரும் தமிழர் வழக்கும்

விதைப்புக் காலத்தில் உறங்கிக் கிடந்துவிட்டு, அரிவுவெட்டுக் காலத்தில் அரிவாளோடு வயலுக்குச் செல்பவனைக் கமக்காரன் என்று உலகம் அழைப்பதில்லை. ஆயின், ஜெனீவாவில் இலங்கையின் மனித உரிமை நிலை ஆராயப்படும் ஒவ்வொரு வேளையும் நம்மவரிற் பலர் இவ்வாறே நடந்து கொள்கின்றனர். கூட்டம் தொடங்கிய பின் அறிக்கைகள் பறக்கின்றன, கண்டனங்கள் முழங்குகின்றன, விமானச் சீட்டுகள் வாங்கப்படுகின்றன. அங்கே போய்ச் சேரும்போது உலக நாடுகளின் பிரதிநிதிகள் தாம் வாசிக்க வேண்டிய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீற்றிருக்கின்றனர். எழுதி முடிந்த தாளை எவர் மாற்றுவார்?

உலகளாவிய காலமுறை மீளாய்வு என்பது யாது என்பதை நம் மக்கள் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். 2006 ஆம் ஆண்டு மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகள் பேரவையை நிறுவியபோது இம்முறையையும் வகுத்தது. உறுப்பு நாடு ஒவ்வொன்றும், ஏறக்குறைய நாலரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏனைய நாடுகளின் முன்னே கணக்குக் காட்ட வேண்டும். இலங்கை 2008, 2012, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு கணக்குக் காட்டிற்று. முழு விசாரணைக்கும் மூன்றரை மணி நேரம். நூறு நாடுகள் பேச எழுந்தால் ஒரு நாட்டுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், அல்லது ஒன்றரை நிமிடம். அந்த நேரத்துள் அந்நாடு விடுக்கும் இரண்டு மூன்று விதப்புரைகளே ஏட்டில் ஏறும்.

அவ்விரண்டு மூன்று வாக்கியங்கள் எங்கே பிறக்கின்றன? ஜெனீவா மண்டபத்தில் அல்ல. கொழும்பிலுள்ள தூதரகம் தன் தலைநகருக்கு அனுப்பும் குறிப்பில் அவை பிறக்கின்றன. அதுவும் வாரங்கள், மாதங்கள் முன்னதாக. ஆகவே தூதுவரைச் சந்திப்பது தேவையற்ற வேலை என்று கூறுவோர் நிலைமை அறியாதோர். சந்தித்தாற் போதும் என்று கருதுவோரோ அவரினும் அறியாதோர்.

முதலில், இதனைத் துரோகம் என்று கூச்சலிடும் பேரினவாதிகளுக்கு ஒரு வார்த்தை. மீளாய்வுக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும் என்று பேரவையின் 2007 ஆம் ஆண்டுத் தீர்மானம் விதிக்கின்றது: ஒன்று அரசின் அறிக்கை, இரண்டாவது ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் தொகுப்பு, மூன்றாவது குடிமக்கள் அமைப்புகள் முதலானோர் அளிக்கும் தகவல்களின் சுருக்கம். இவ்விதி வகுக்கப்பட்ட காலத்தில் பேரவையில் உறுப்பு நாடாக வீற்றிருந்தது இலங்கை. தான் வீற்றிருந்த சபை வகுத்த விதிப்படி தன் குடிமகன் வாய் திறந்தால் அது தேசத்துரோகமா? 2012 மார்ச்சில், ஜெனீவா சென்று திரும்புவோரின் கை கால்களை முறிப்பேன் என்று அந்நாளைய அமைச்சர் ஒருவர் பகிரங்க மேடையில் முழங்கினார். விருந்தளித்துத் தூதுவர்களை அரசு அழைத்தால் அது ராஜதந்திரம். காணி உறுதியுடன் ஒரு விதவைத் தாய் அதே தூதுவரைக் கண்டால் அது சதி! இவ்வாதத்துக்கு மறுமொழி கூறுவதும் வீண்.

இனி நம்மவரிடம் வருவோம். நம் வழக்கு அவர்களோடுதான்.

கொழும்பு விடுதி ஒன்றில் ஒரு மாலைப்பொழுது. ஆங்கிலம் நன்கறிந்த பத்துப் பன்னிரண்டு கனவான்கள் தூதரக உத்தியோகத்தரைச் சூழ்ந்து அமர்கின்றனர். இனப்பிரச்சினையின் வரலாறு டொனமூர் காலத்திலிருந்து எடுத்துரைக்கப்படுகின்றது. பொறுப்புக்கூறல், நல்லிணக்கம், நிலைமாறுகால நீதி என்ற பெருஞ் சொற்கள் உருள்கின்றன. உத்தியோகத்தர் தலையசைக்கின்றார், தேநீர் ஆறுகின்றது, நிழற்படம் எடுக்கப்படுகின்றது. மறுநாள் பத்திரிகையில், தூதுவரிடம் எடுத்துரைக்கப்பட்டது என்று செய்தி. எடுத்துரைத்தது யாது? கேட்டது யாது? அவர் அளித்த மறுமொழி யாது? வலிகாமம் வடக்கில் 1990 இல் வீடிழந்தவனுக்கு இது தெரியாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரம் அமர்ந்த தாய்க்கும் தெரியாது. அவர்கள் பெயரால் நடந்த சந்திப்பில் அவர்களுக்கு இருக்கையும் இல்லை. அதன் பின் அறிவிப்பும் இல்லை.

இவ்வகைச் சந்திப்பால் விளைவது பொதுமொழியிலான விதப்புரை. பொதுமொழி விதப்புரையை ஏற்றுக்கொள்வதில் எந்த அரசுக்கும் கஷ்டமில்லை. 2017 மீளாய்வில் இலங்கைக்கு 230 விதப்புரைகள் வந்தன. அவற்றுள் 177 ஐ அரசு ஏற்றது. ஏற்ற கைக்கு வலித்ததா? நல்லிணக்கத்தைத் தொடர்க என்றால், ஆம், தொடர்கின்றோம் என்பர். இன்ன பிரதேச செயலாளர் பிரிவில், இன்ன கிராமத்தில், படையினர் பயிரிடும் இத்தனை ஏக்கர் தனியார் காணியை இன்ன திகதிக்கு முன் உரியவரிடம் ஒப்படைத்திடுக என்றாலோ, ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விழிப்பர். அவ்வாறு விழிக்கவைக்கும் வாக்கியமே நமக்கு வேண்டும்.

சிறிய, திட்டமான உண்மையின் வலிமைக்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. சிங்களத் தேர்ச்சி இல்லை என்பதற்காக அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் மொழியுரிமை பற்றிப் பேருரை ஆற்றவில்லை. தம் சம்பள உயர்வைக் கேட்டு வழக்கிட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. சில ரூபா பெறுமதியுள்ள ஒரு கோரிக்கை ஒரு பெருஞ் சட்டத்தை ஆட்டிற்று! உயர் நீதிமன்றம் அதனைப் புரட்டியது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, அரசியலமைப்பு வினாவை மீண்டும் இங்கேயே அனுப்பியது. 1971 இல் இலண்டனுக்கான மேன்முறையீட்டு வழியே அடைக்கப்பட்டது. இதில் இரண்டு பாடங்கள் உள. திட்டமான முறைப்பாடு மலையையும் அசைக்கும் என்பது ஒன்று. வெளிநாட்டு வாயிலை மட்டும் நம்பியிருப்பவன் ஒருநாள் அது சாத்தப்படுவதைக் காண்பான் என்பது மற்றது.

ஆகவே, ஜெனீவா நமக்கு நீதி தரும் என்று நாம் கூறவில்லை. 2009 மே மாத இறுதியில் இதே பேரவை இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியதை நாம் மறக்கவில்லை. 2017 மார்ச் முதலாம் நாள் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் தம் காணிக்குள் கால் வைத்தது எந்தத் தூதுவரின் கருணையாலும் அன்று. விமானப்படை முகாமின் வாயிலில் ஒரு மாதம் இரவும் பகலும் அமர்ந்திருந்த பெண்களின் உறுதியால். போராட்டம் வலக்கை, ராஜதந்திரம் இடக்கை. ஒரு கையைக் கட்டிப்போட்டுக் கொண்டு எவனும் மண் வெட்டுவதில்லை.

அடுத்த மீளாய்வு தொலைவில் இல்லை. எனவே நாம் வலியுறுத்துவன இவை:

முதலாவது, கிராமந்தோறும் ஏடு தொடங்கப்படல் வேண்டும். காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், எந்த ஆண்டு எவரால் பறிக்கப்பட்டது, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்திகதியில் மனுக் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது ஆகியவை அதில் ஏற வேண்டும். 2025 மார்ச்சில் வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கரைக் குறித்து வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது, தம் உறுதியைத் தேடி ஓடியவர் எத்தனை பேர்! ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் மூச்சு விட்டோம். மறுமுறை ஏடு ஆயத்தமாக இருக்கட்டும்.

இரண்டாவது, படித்தோர் தம் கடனைச் செய்க. ஓர் அமைப்பு தனித்து அளிக்கும் அறிக்கைக்கு 2,815 சொற்கள், கூட்டறிக்கைக்கு 5,630 சொற்கள் என்று எல்லை உண்டு. தமிழில் எழுதினால் ஏற்பதில்லை. உண்மை கமக்காரனிடம் உள்ளது. ஆங்கிலமும் சட்டமும் சட்டத்தரணியிடமும் ஆசிரியரிடமும் உள்ளன. இவ்விரு சாராரும் ஒரே திண்ணையில் அமராவிடின் அறிக்கை பிறவாது. அடங்கல் வாசிக்கத் தெரிந்த நில அளவையாளர், காயத்தை விவரிக்கத் தெரிந்த வைத்தியர், கணக்கு ஒப்பிடத் தெரிந்த கணக்காளர் யாவருக்கும் இங்கே வேலை உண்டு.

மூன்றாவது, தெரிந்த நான்கைந்து மேற்கு நாட்டு வாயில்களையே தட்டிக்கொண்டிராது ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளையும் நாடுக. 2022 ஒக்டோபர்த் தீர்மானத்துக்கு ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20. நடுநிலை வகித்தவற்றுள் இந்தியாவும் யப்பானும் உள. அவ்விருபது வாயில்களில் எத்தனையை நாம் தட்டினோம்?

நான்காவது, தமிழ் பேசும் மக்கள் என்று கூறுவோமாயின் அச்சொல்லுக்கு உண்மையாயிருப்போம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் காணியும், லயக் காம்பராவில் வாழும் மலையகத் தொழிலாளியின் காணியுரிமையும் நம் ஏட்டில் இடம்பெறாவிடின், அவ்வேடு பாதி உண்மை. பாதி உண்மையைத் தூதுவர் எளிதிற் கண்டுகொள்வார். அரசோ அதனை எளிதிற் பயன்படுத்திக்கொள்ளும்.

ஐந்தாவது, சந்தித்தவர் எவராயினும் ஒரு வாரத்துள் தமிழில், மக்கள் முன்னே, கேட்டதையும் பெற்ற மறுமொழியையும் கூறல் வேண்டும். ஆபத்திலுள்ள சாட்சியின் பெயரை மறைக்கலாம். கோரிக்கையை மறைத்தல் ஆகாது. கணக்குக் காட்டாத அரசைக் கண்டிக்கப் போவோர் தாமே கணக்குக் காட்டாதிருப்பது எந்த நியாயம்?

பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகம் என்று 1979 இல் வந்து 1982 இல் நிரந்தரமாயிற்று. காணாமற் போனோர் அலுவலகச் சட்டம் 2016 இல் நிறைவேறியும் தாய்மாரின் வினாவுக்கு விடை வந்திலது. 2025 இல் செம்மணி மண் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை வெளியே காட்டிற்று. மண்ணே சாட்சி கூற முன்வந்துவிட்ட வேளையில், அச்சாட்சியை ஒழுங்காக எழுதிக் கொடுக்க மாந்தர் இல்லை என்ற பழி நமக்கு வேண்டாம். இவ்வாரமே ஒரு கிராமத்தில் ஓர் ஏடு திறக்கப்படட்டும்.