கட்டைவிரலுக்கு ஆபரேஷன் இருக்கு... ஆறு மாச ஓய்வு யார் தருவாங்க?

உங்க கையில இருக்கிற போன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிள் ஆனதாகக்கூட இருக்கலாம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். கனெக்டரை அழுத்தணும், கிளிப் மாட்டணும், குட்டி ஸ்க்ரூவைக் கிள்ளி எடுக்கணும். எல்லாத்துக்கும் கட்டைவிரல்தான்!

விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால், மணிக்கட்டை ஒட்டியுள்ள கட்டைவிரலின் அடிமூட்டில் சுமார் 12 கிலோ வரை சுமை ஏறும். அந்த மூட்டு தேய்ந்துவிட்டால் பாட்டில் மூடியைத் திறப்பதே பெரும்பாடு.

வேலை மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது. வயது, பரம்பரை, பழைய எலும்பு முறிவு எல்லாம் சேர்ந்துதான் தேய்மானம் வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். இங்கேதான் கணக்கு முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய 1998-ல், 20-களில் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் இப்போது 50-ஐத் தொடுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஸ்ப்ளின்ட், பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி. எதுவும் கேட்காத கட்டத்தில்தான் ஆபரேஷன். மூட்டின் அடியில் இருக்கும் ‘டிரபீசியம்’ என்ற சின்ன எலும்பை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு முன்கைத் தசைநாரின் ஒரு பகுதியை வைத்து அந்த இடத்தை உறுதிப்படுத்துவார்கள். வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கின்றன ஒப்பீட்டு ஆய்வுகள். கடினமான கைவேலை செய்பவர்களுக்கு மூட்டை அசையாமல் இணைத்துவிடும் முறையும் உண்டு. பிடி பலமாக இருக்கும். ஆனா, உள்ளங்கையை மேசையில் முழுசா விரிச்சு வைக்க முடியாது.

சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே கை அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை இருக்கிறது. 2018-ல் இரு கைகளையும் மாற்றிப் பொருத்திய இடம் அது. ஆக, சிகிச்சை எட்டாக்கனி இல்லை. பிரச்னை அதுக்கு அப்புறம்தான்.

நான்கு முதல் ஆறு வாரம் கட்டு. பிடியில் பழைய பலம் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இ.எஸ்.ஐ-யில் வழக்கமான நோய்க்கால உதவித்தொகை, சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்கள். அதாவது, விரல் தயாராகும் முன்பே பணம் நின்றுவிடலாம். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனவர்களுக்கு, வலி வரும் நேரத்தில் இ.எஸ்.ஐ பாதுகாப்பே இருக்காது.

அதனால, சாவியைத் திருப்பும்போது கட்டைவிரல் அடியில் சுருக்குனு வலிச்சா, தைலம் தேய்ச்சுட்டு ஷிஃப்ட்டுக்கு ஓடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க, சீட்டைப் பத்திரமா வைங்க, வேற ஸ்டேஷன் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. வீட்டுல அம்மா ஜாடி மூடியைத் திறக்க உங்களைக் கூப்பிட்டாங்கன்னா, திறந்து கொடுத்துட்டு அவங்க கையையும் ஒரு தடவை பாருங்க.