சிறிதென்று இகழாமை

வீடு கட்டுவோர் தலைவாயிலுக்கு வலிய கதவு அமைக்கின்றனர். நல்ல பூட்டைத் தேடி வாங்கிப் பூட்டுகின்றனர். பின்னர்க் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு கதவு வைத்தால், அதன் தாழ்ப்பாளைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. கள்வன் நாடுவது தலைவாயிலை அன்று, அச்சிறு கதவையே. இணையத்தளம் நடத்துவோர் பலருடைய நிலையும் இத்தகையதே.

இன்று ஒரு பள்ளியோ கடையோ சங்கமோ தனக்கென ஓர் இணையத்தளம் அமைத்துக்கொள்வது எளிதாகிவிட்டது. 2003ஆம் ஆண்டில் தோன்றிய வேர்டுபிரெஸ் என்னும் மென்பொருள் இதற்குப் பெருந்துணையாக உள்ளது. அதில் இல்லாத வசதி ஒன்று வேண்டுமாயின், பிறர் எழுதிய சிறு நிரல் ஒன்றை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். அதனைச் செருகுநிரல் என்பர். படங்களை வரிசையாகக் காட்ட ஒன்று. படிவம் நிரப்ப ஒன்று. நாள்காட்டி காட்ட ஒன்று. இவ்வாறு பல்லாயிரம் செருகுநிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

செருகுநிரல் செய்யும் பணி சிறிதாக இருக்கலாம். ஆனால், அது பெறும் உரிமை சிறிதன்று. நாள்காட்டி காட்டுவதற்கென்று வந்த செருகுநிரலும் தளத்தின் தரவுத்தளத்தைப் படிக்க இயலும். அதில் எழுத இயலும். புதிய கோப்புகளை உண்டாக்கவும் இயலும். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுப்பது போன்றது இது. ஆதலின், செருகுநிரலின் அளவைக் கண்டு அதன் ஆபத்தை மதிப்பிடுதல் தவறு என்பதே என் கருத்து.

இதற்குச் சான்றுகள் உண்டு. ‘ஃபைல் மேனேஜர்’ என்னும் செருகுநிரல் 2020ஆம் ஆண்டில் 7 இலட்சத்திற்கு மேற்பட்ட தளங்களில் இருந்தது. அதனை ஆக்கியோர், பிறர் எழுதிய நிரல் தொகுதி ஒன்றை அதனுள் சேர்த்திருந்தனர். அத்தொகுதியில் மாதிரிக்காக வைக்கப்பட்டிருந்த கோப்பு ஒன்று, பெயரின் இறுதிப் பகுதி மாற்றப்பட்டமையால், இயங்கும் கோப்பாகிவிட்டது. தன்னை அழைப்பவர் யார் என்று அது வினவவில்லை. அதன் வழியே அயலார் தம் கோப்புகளைத் தளத்திற்குள் நுழைத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருத்தம் வெளிவந்தது. ஆனால், அதற்கு முன்னரே தாக்குதல் தொடங்கிவிட்டது.

மற்றொரு சான்று 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்னும் செருகுநிரலை ஏறத்தாழ 2 இலட்சம் தளங்கள் பயன்படுத்தி வந்தன. அதனை எழுதியவர் அதைப் பிறருக்கு விற்றுவிட்டார். புதிய உரிமையாளர் வெளியிட்ட பதிப்பில், தளத்தில் வேண்டாத விளம்பரங்களை வெளியிடும் நிரல் மறைந்திருந்தது. தளத்தை நடத்துபவர் உள்நுழைந்து பார்த்தால் அவ்விளம்பரம் தோன்றாது. விருந்தினராக வருவோருக்கே தோன்றும்! முன்னதில் தீங்கு கவனக்குறைவால் வந்தது. பின்னதில் வஞ்சகத்தால் வந்தது. இரண்டும் நுழைந்த வழியோ ஒன்றே.

“எம் தளம் மிகச் சிறியது, அதில் கொள்ளையிட என்ன இருக்கிறது?” என்பார் சிலர். தாக்குவோர் ஒவ்வொரு தளத்தையும் தேர்ந்து பார்த்து வருவதில்லை. குறையுள்ள செருகுநிரல் எங்கெங்கு உள்ளது என்று அவர்களுடைய நிரல்களே இரவும் பகலும் தேடித் திரிகின்றன. “பலரும் பயன்படுத்துகின்றனரே, அது போதாதா?” என்பார் வேறு சிலர். பயன்படுத்துவோர் பலர் என்பதனால் ஆராய்ந்தோரும் பலர் என்று ஆகிவிடாது.

ஆயின், செருகுநிரல்களையே ஒதுக்கிவிட வேண்டுமோ? வேண்டா. அவற்றை எழுதுவோருள் பலர் ஊதியம் கருதாது உழைப்பவர். பிழை நேர்தல் மனித இயல்பு. குறை சுட்டப்பட்டதும் விரைந்து திருத்தப்பட்ட செருகுநிரல், எவரும் ஆராயாத செருகுநிரலினும் நம்பத்தக்கது. நாம் வேண்டுவது அச்சம் அன்று, ஆராய்ச்சியே.

செருகுநிரலை இணைக்குமுன் சில வினாக்களை எழுப்புதல் நன்று. இது நமக்கு உண்மையாகவே தேவையா? இதனை எழுதியவர் யார்? உரிமை அண்மையில் கைமாறியதா? இறுதியாகத் திருத்தப்பட்டது எப்பொழுது? நிரலைப் படிக்க அறிந்தவர் இன்னும் ஆழ்ந்து பார்த்தல் வேண்டும். கேட்பவருக்கு உரிமை உண்டா என்று இது சோதிக்கின்றதா? வெளியார் எழுதி அனுப்புவதைத் தூய்மை செய்த பின்னரே தரவுத்தளத்தில் சேர்க்கின்றதா? எத்தகைய கோப்பையும் தடையின்றி ஏற்றுக்கொள்கின்றதா? தேவை தீர்ந்தபின் அதனை நிறுத்திவைத்தல் மட்டும் போதாது. அடியோடு நீக்கிவிடல் வேண்டும். நிறுத்திவைத்த செருகுநிரலின் கோப்புகள் அங்கேயே கிடக்கும். அவற்றை நேராக அழைக்க வழியிருப்பின் ஆபத்தும் அங்கேயே இருக்கும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் தளங்களை அமைப்பீர்கள். சிலர் செருகுநிரல்களையும் எழுதுவீர்கள். தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தளத்தில் எழுதிச் செல்பவர், அங்குள்ள செருகுநிரல்களை அறியார்; தளத்தை நடத்துபவரையே நம்புகின்றார். பிறர் எழுதிய நிரலால் தீங்கு விளைந்தது என்று பின்னர்க் கூறுவது அந்நம்பிக்கைக்கு ஈடாகாது. கதவை வைத்தவர் பிறராயினும், அதைக் காக்கும் கடமை வீட்டுக்கு உரியவருடையதே.