பாட்டை ஓட்டு மேல வைக்காதீங்க

கோயில்ல கீபோர்டு வாசிக்கிறவன் பொழப்பு ஒரு தினுசான பொழப்புங்க. ஒழுங்கா வாசிச்சா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரு விரல் தப்பா விழுந்தா போதும், மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும்.

நமக்கு வீடு மல்லாங்கிணறு. ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்டை பக்கம் ஒரு சின்னக் கிராமத்துச் சபைக்குப் போய் வாசிச்சுட்டு வர்றேன். சம்பளமெல்லாம் கிடையாது. அறுப்பின் பண்டிகை ஏலத்துல யாரும் கேக்காத பூசணிக்காய் ஒண்ணு கிடைக்கும். ஆனா ஒரு பாட்டு எடுத்து, சனம் மொத்தமும் கூடச் சேர்ந்து பாடும்போது நெஞ்சுக்குள்ள ஒண்ணு பண்ணும் பாருங்க, அதுக்காகவே எத்தனை கிலோமீட்டர் வேணும்னாலும் போகலாம்.

சொதப்பல்களுக்கும் குறைச்சல் இல்லை. ஒரு தடவை பாவ அறிக்கைக்கு முன்னாடி எல்லாரும் தலை குனிஞ்சு அமைதியா இருக்காங்க. வால்யூமைக் குறைக்கலாம்னு கை வைக்கப் போய் டெமோ பட்டனை அமுக்கிட்டேன். அடுத்த நொடி டிஸ்கோ! நிறுத்துற பட்டன் எதுன்னு கை நடுக்கத்துல தெரியலை. கடைசியில ஒயரையே பிடுங்கிட்டேன். அன்னிக்கு எல்லாரையும் விட உண்மையா பாவ அறிக்கை பண்ணினது நான்தான் :-)

இன்னொண்ணு, எங்க சபையில பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் பாய்ல உக்காருவாங்க. மூணாவது சரணம் வர்றப்போ ஆம்பளைங்க பக்கம் ஒரு வரி முன்னாடி போயிருக்கும், பொம்பளைங்க பக்கம் நிதானமா பின்னாடி வரும். நடுவுல நான் யாரு கூடப் போறது?

சிரிப்பு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற.

ஒரு நாள் வாலிபர் ஐக்கியத்துப் பொண்ணு ஒருத்தி சிறப்புப் பாட்டு பாடினா. அவ சுருதிக்காக டிரான்ஸ்போஸை அஞ்சு ஏத்தி வச்சேன். அடுத்தது காணிக்கைப் பாட்டு. இறக்க மறந்துட்டேன். ஒரு கட்டையில ஆரம்பிக்க வேண்டிய பாட்டு நாலு கட்டையில கிளம்பிடுச்சு. பல்லவி எப்படியோ தாண்டுச்சு. அனுபல்லவியில ஏறினதும் ஒவ்வொரு குரலா உதிர ஆரம்பிச்சுது. சரணத்துல நானும் மைக்கும்தான் மிச்சம். எனக்கோ நல்லா வாசிக்கிறோம்னு நினைப்பு.

முடிஞ்சு வெளியே வந்தா, கடைசிப் பாய்ல உக்கார்ற பாட்டி கையைப் பிடிச்சாங்க. "ஏய்யா, பாட்டை எதுக்குய்யா ஓட்டு மேல தூக்கி வச்ச? எங்களுக்கு எட்டலையே."

அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனா ஒரு புஸ்தகம் அளவுக்குக் கீர்த்தனைகள் மனசுல இருக்கு. அம்மா பாடக் கேட்டு, களை எடுக்கும்போது பாடிப் பாடிப் பழகினது. அவங்க வாயை நான் ஒரு பட்டனால அடைச்சுட்டேன்.

அந்தப் பாட்டு அவங்க கைக்கு எப்படி வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834ல ஆரம்பிச்சது. நம்ம திருச்சுழிப் பக்கம் இருக்கிற மண்டபசாலை அதோட பழைய நிலையங்கள்ல ஒண்ணு. அந்தக் காலத்துல மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தையை மடக்கித் திணிச்சுப் பாட வச்சாங்க. குறில் நீளும், நெடில் குறுகும். சனத்து நாக்குல அது உக்காரலை. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774-1864) வரவழைச்சு பாட்டு சொல்லிக் கொடுக்க வச்சார். சாஸ்திரியாருக்கு அப்போ எண்பதை நெருங்கிற வயசு. 1853ல வெப் போட்ட கீர்த்தனைத் தொகுப்புல சாஸ்திரியார் பாட்டுகள் நிறைய. கீர்த்தனையில பல்லவி திரும்பத் திரும்ப வரும். படிக்கத் தெரியாதவங்களும் ரெண்டாவது சுத்துல சேர்ந்துக்கலாம். பாட்டுப் புஸ்தகம் கையில இல்லாதவனுக்கும் பாட்டுல பங்கு உண்டுங்கிறதுதான் அதோட பலம்.

அதுலயும் ஒரு முள் இருக்கு. இதே சாஸ்திரியார் கோயிலுக்குள்ள சாதி வித்தியாசம் இருக்கலாம்னு வாதாடினவர். கர்நாடக ராகம் எல்லாருக்கும் பொதுவாங்கிற கேள்வியை நம்ம காலத்துல பலமா எழுப்பினவர் தியாபிலஸ் அப்பாவு, அதான் பரட்டை அண்ணன். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில பேராசிரியரா இருந்தவர், 2005ல காலமானார். ஆராதனை முறைமை முழுசையுமே கிராமிய இசையில போட்டார். கிராமத்துப் பாட்டுக்கு வாத்தியார் ஃபீஸ் வேண்டாம், யார் வேணும்னாலும் எடுத்து மாத்திப் பாடலாம், அதனால அது உழைக்கிற சனத்தோட சொத்துங்கிறது அவர் கட்சி.

எங்க சபையில என்ன நடந்தது? ஒரு டிசம்பர்ல கிறிஸ்மஸ் பஜனைக்குப் பறை கூப்பிடலாம்னு பசங்க கேட்டாங்க. "சாவு மேளத்தையா கோயிலுக்குக் கொண்டு வருவீங்க?"ன்னு ஒரு பெரியவர் அடக்கிட்டார். மேளத்துக்கா அந்தப் பேச்சு? அடிக்கிற கைக்குத்தான். எனக்குத் தெரிஞ்சுது. ஆனாலும் வாயைத் திறக்கலை. டெமோ பட்டன் அமுக்கினதை விட அது பெரிய சொதப்பல்.

இப்போ புதுசா பெரிய ஸ்பீக்கர், டிரம் பேட் எல்லாம் வந்தாச்சு. பசங்க யூடியூப்ல கேட்ட பாட்டை அப்படியே இறக்குறாங்க. புதுப் பாட்டே வேண்டாம்னு நான் சொல்லலை. புதுசு இல்லைன்னா பசங்க பக்கத்து ஜெபக்கூட்டத்துக்குப் போயிடுவாங்க, அது நிஜம். சாஸ்திரியார் பாட்டும் ஒரு காலத்துல புதுப் பாட்டுதானே? ஆனா மேடையில நாலு பேர் பாடி நாப்பது பேர் வேடிக்கை பார்த்தா அது கச்சேரி. கச்சேரி கேக்க எனக்கும் பிடிக்கும். அதை ஆராதனைன்னு சொல்லாதீங்கன்னுதான் கேக்கறேன்.

நான் எனக்குன்னு சில கட்டுப்பாடு வச்சிருக்கேன். சிறப்புப் பாட்டு முடிஞ்சதும் முதல் வேலையா டிரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். புதுப் பாட்டு மாசத்துக்கு ஒண்ணு, அதையே நாலு வாரமும் பாடணும். கடைசிச் சரணத்துல கையை எடுத்துடணும். வெறும் குரல்ல பாட்டு நிக்குதான்னு அப்போ தெரிஞ்சுடும். நின்னுட்டா நான் வாசிச்சது சரி. படுத்துட்டா, அது வரைக்கும் நான் மட்டும்தான் பாடியிருக்கேன்னு அர்த்தம்.

இந்த டிசம்பருக்குப் பறை விஷயத்தைக் கமிட்டியில நானே கேக்கப் போறேன். பூசணிக்காய் கிடைக்காம போனாலும் பரவாயில்லை.

உங்க ஊர்க் கோயில்ல கடைசிப் பாய் பாடுதா, சொல்லுங்க.