பொத்தானும் விதியும்

கணிப்பொறி பயிலும் மாணாக்கர் இயற்றும் நிரல்களை நோக்குங்கால், அவற்றுள் காணப்படும் ஒரு வழக்கம் எமக்கு உவப்பாயில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'அனுப்புக' என்னும் பொத்தான் எப்பொழுது இயங்கவேண்டும், எப்பொழுது அடங்கவேண்டும் என்னும் விதியை, அப்பொத்தானைத் திரையில் வரையும் பகுதிக்குள்ளேயே எழுதிவிடுகின்றனர். தோற்றம் வேறு, விதி வேறு அன்றோ?

நார்வே நாட்டினரான ட்ரிக்வே ரீன்ஸ்காக் என்பார், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் விருந்தினராயிருந்தபொழுது, 1979-ஆம் ஆண்டிலேயே மாதிரி, தோற்றம், கட்டுப்பாடு எனப் பிரிக்கும் முறையை வகுத்தனர். 2004-இல் மார்ட்டின் பவுலர், எது இயங்கும், எது மறையும் என்னும் திரையின் நிலையனைத்தையுமே திரைக்குப் புறத்தே தனியுறுப்பொன்றில் வைக்கலாமென எழுதினர். 2005-இல் மைக்ரோசாப்டைச் சார்ந்த ஜான் காஸ்மன் அதனையொத்த முறைக்கு வேறு பெயர் சூட்டினர். (பெயர்கள் பெருகிய அளவிற்குத் தெளிவு பெருகிற்றில்லை என்பது எம் எண்ணம்.)

நிற்க. திரைக்குள் புதைந்த விதியைச் சோதிக்க வேண்டின், ஒருவர் அமர்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். புறத்தே நின்ற விதியையோ, திரையின்றியே, சிறு சோதனை நிரலொன்றால் நொடிப்பொழுதில் ஆராயலாம். மேலும், கைப்பேசிக்கென மற்றொரு திரை அமைக்குங்கால் அவ்விதியைப் படியெடுக்க வேண்டுவதில்லை. படியெடுத்தாலோ, ஒன்று திருத்தப்பட்டு மற்றொன்று மறக்கப்படும். ஒரே விண்ணப்பத்தை ஒரு திரை ஏற்க, மற்றது தள்ளும். தள்ளப்பட்ட மாணவன் காரணம் அறியான்.

இரண்டே கட்டங்களுள்ள சிறு திரைக்கும் இத்துணை ஏற்பாடு வேண்டுமோவெனின், வேண்டா. ஒரு கட்டத்தின் நிலை மற்றொன்றைச் சாரத் தொடங்கியவுடன் பிரித்துவிடுதல் நன்று.