அனுசரணக்கேடு என்றொரு சொல்

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழ்நாடு. பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிச் செல்லும் வண்டி அங்கே நிற்கும், பேச்சு நிற்பதில்லை. சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டிலும் தோட்டத்திலும் புழங்குவது கொங்குத் தமிழே. பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலும் அப்படித்தான். தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்த பின்னரே மொழி மாறும். மாணவர் ஒழுங்கு குறித்துப் பிரம்பு வேண்டும், வேண்டா என்று இரு தரப்பாரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், அந்த அறையில் நிகழ்வதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் மாற்றலாகி வந்தார். தமிழ் அறியாதவர், ஆனால் கெட்டவர் அல்லர். ஒருநாள் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவனின் கையெழுத்தை அவர் மனமாரப் பாராட்டினார். கூச்சம் தாங்காமல் அவன் "போங்க சார்" என்றான். எங்கள் பக்கத்தில் அது நாணத்தின் வழக்கு. அதிலுள்ள 'ங்க' மரியாதைக்குரியது. ஆசிரியரின் செவியில் 'போ' மட்டும் விழுந்தது. வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பே சாட்சியாயிற்று.

காலம் தாழ்த்தி வருகிறான் என்று அவன்மீது முன்பே இரண்டு குறைகள் இருந்தன. மறுநாள் அவனுடைய தந்தை அன்றைய கூலியை இழந்து வந்து நின்றார். மன்னிப்புக் கடிதம் மலையாளத்தில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. மலையாளம் எங்களுக்கு ஒரு பாடம். எழுத்துக் கூட்டி எழுதிவிடுவோம். அதில் 'அனுசரணக்கேடு' என்றொரு சொல் வந்தது. மலையாளத்தில் 'அனுசரணம்' கீழ்ப்படிதல். அதன் கேடு கீழ்ப்படியாமை. தமிழிலோ 'அனுசரணை' என்பது ஆதரவாக, இணக்கமாக நடந்துகொள்வது. தந்தை அச்சொல்லைக் கேட்டு, "இனிமே அனுசரணையா இருப்பானுங்க சார்" என்று கைகூப்பினார். மகன் பிறருக்கு உதவுவதில்லை என்பதே குற்றச்சாட்டு என அவர் எண்ணியிருக்க வேண்டும். கடிதத்தின் அடியில் தமிழில் கையெழுத்திட்டார். 'போங்க சார்' என்றால் என்ன என்று அவனை எவரும் கேட்கவில்லை. அருகில் நின்ற நானும் சொல்லவில்லை.

அடுத்த சில மாதங்களில், 'பெற்றோர் வேண்டுகோளின்படி' அவனுக்கு டிசி வழங்கப்பட்டது. அந்த வேண்டுகோளும் மலையாளத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. அதன்பின் ஆள்வது 1959ஆம் ஆண்டின் கேரளக் கல்வி விதிகள். அவற்றின் ஒன்பதாம் அத்தியாயம், வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, குறும்பு, மோசடி, தேர்வு முறைகேடு ஆகியவற்றுக்குக் கண்டனம், இடைநீக்கம், நீக்கம் என மூவகைத் தண்டனைகளைத் தலைமையாசிரியரின் கையில் தருகிறது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். எண்ணத்தை அளக்காமல் அந்தக் குற்றத்தை நிறுவ இயலாது. எண்ணத்தை அறியப் பேச்சைத் தவிர வேறு கருவியும் இல்லை. பேச்சே புரியாதபோது அந்த விதி எதை அளக்கும்? மேலும், நீக்கம் என்று எழுதினால் காரணம் காட்ட வேண்டியிருக்கும். பெற்றோரே கேட்டுப் பெறும் டிசிக்கு அது தேவையில்லை. எனவே விதிப்புத்தகத்தில் உள்ள தண்டனையைவிட அதில் இல்லாத தண்டனையே மிகுதியாகப் பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

2025 சனவரியில் இதே பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆனக்கரையில், கைப்பேசி பறிக்கப்பட்ட ஒரு பதினோராம் வகுப்பு மாணவன் பள்ளித் தலைவரை அவரது அறையிலேயே மிரட்டிய காட்சி நாடெங்கும் பரவியது. அந்த ஆசிரியரின் அச்சம் மெய்யானது. அதைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு சிறுவனின் மிகக் கீழான சில நிமிடங்கள் ஊர் முழுவதும் பார்க்கக் கிடைத்தன என்பதும் மெய்தானே. இரண்டு மாதங்களில் கேரள உயர் நீதிமன்றம், ஆசிரியர் பிரம்பு வைத்திருக்கலாம், அதைப் பயன்படுத்த வேண்டுமென்பதில்லை என்றும், ஆசிரியர்மீது வழக்குப் பதியுமுன் காவல்துறை முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும் என்றும் கூறியது. ஆசிரியருக்கு முன்விசாரணை என்னும் காப்பு நியாயமே. அதே காப்பை, அதன் மிக எளிய வடிவில், மாணவனுக்கும் கேட்கிறேன்.

எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். ஆசிரியர்களிடம் மாணவர்கள் வரம்பு மீறிய காட்சிகள் பரவியபின், 2022 மே மாதம் தமிழ்நாட்டுக் கல்வி அமைச்சர், நீக்கப்படுவோரின் டிசியிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிக்கப்படும் என்று அறிவித்தார். பின்னர் வந்த நெறிமுறைகள் மென்மையானவை: அறிவுரை, திருக்குறளைப் பொருளுடன் எழுதிக் காட்டுதல், நீதிக்கதை சொல்லுதல், இறுதியில் வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றம். (குறளைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தவர், குறள் ஆசிரியருக்கு என்ன குற்றம் கண்டாரோ.) நெறிமுறையில் பரிவு உண்டு, எனினும் மாணவன் தன் சொற்களில் நடந்ததைச் சொல்வது அங்கும் முதற்படி ஆகவில்லை.

1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒஹாயோ மாணவர்கள் தொடுத்த கோஸ் எதிர் லோபஸ் வழக்கில், பத்து நாள்வரையிலான இடைநீக்கத்துக்கும் மாணவனிடம் குற்றச்சாட்டைச் சொல்லி, அவன் மறுத்தால் சான்றை விளக்கி, அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் கேட்கப்படும் உரிமையைத் தருகிறது. நாம் அவ்வளவு தொலைவு போகவும் வேண்டா. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1973இன் திருத்தத்தின் வழியே, தமிழ்ச் சிறுபான்மையர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் இடம் தருகிறது. நில வரி குறித்து அந்தத் தந்தை தமிழில் எழுதலாம். மகனின் படிப்பை முடித்த தாளை மட்டும் அவர் படிக்க முடியாத மொழியில் ஒப்பமிட்டார்.

என் கோரிக்கை சிறியது. இடைநீக்கமோ டிசியோ எதுவாயினும், அதற்கு முன் மாணவனின் விளக்கம் அவன் பேசும் மொழியில், அவன் சொற்களிலேயே பதியப்பட வேண்டும். பிறர் சொல்லி எழுதியது விளக்கம் ஆகாது. பெற்றோருக்குத் தரும் தாள் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி என்பர். எல்லைப் பள்ளிகளில் இரு மொழியும் அறிந்த ஒருவர் எப்போதும் இருப்பார், பெரும்பாலும் தமிழாசிரியர். பத்து நிமிடம் போதும்.

அந்த நண்பன் பொள்ளாச்சிப் பக்கம் தன் மாமா வீட்டில் தங்கி வேறு பள்ளியில் சேர்ந்தான். மொழி ஒன்றாயினும் பாடத்திட்டம் வேறு, புத்தகங்கள் வேறு. அந்த ஆண்டு முடியுமுன் படிப்பை விட்டான்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளின் பள்ளிகளில் பணியாற்றுவோரும் ஆய்வு செய்வோரும், அங்கே மாணவர் விளக்கம் எம்மொழியில் பெறப்படுகிறது என்பதை எனக்குத் தனிச்செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன். மாணவர் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டா. நிரப்பாத படிவம் கிடைத்தால் போதும்.