எந்தச் சொல்லுக்கு எதிரொலி?

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்வது இன்று எவருக்கும் எட்டும் வேலை. ஒரு மைக், ஒரு ஹெட்போன், கணினியிலோ கைபேசியிலோ ஒரு செயலி இருந்தால் படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆனால் இப்படி வெளிவரும் பாடல்களைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு ஒரு குறை தட்டுப்படும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை குரல் எக்கோவில் நனைந்து கிடக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும், தாலாட்டுக்கும் துள்ளல் பாட்டுக்கும் ஒரே அளவு எக்கோ. திருவிழா மைக் செட்டில் அறிவிப்பாளர் குரலுக்கு வைக்கிற எக்கோவுக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. எதிரொலி அருமையான கருவிதான். எல்லாச் சொல்லுக்கும் அள்ளிக் கொடுப்பதால்தான் அது எந்தச் சொல்லுக்கும் உதவாமல் போகிறது. எந்தச் சொல் திரும்ப ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது, பாட்டின் பொருளை உணர்ந்து செய்யவேண்டிய வேலை. அதைச் செயலியின் பொத்தானிடம் ஒப்படைக்கக் கூடாது. தமிழில் பாடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

முதலில் காது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எதிரொலி தனியாகக் கேட்க, ஒலி போய்த் திரும்புவதற்குப் பத்தில் ஒரு நொடியாவது ஆகவேண்டும். ஆகவே சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதைவிட மிகச் சீக்கிரம் திரும்பிவரும் ஒலியைக் காது தனி ஒலியாக எண்ணுவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை ஆராய்ந்தார். சுமார் 30 மில்லி நொடிக்குள் வந்துசேரும் இரண்டாவது ஒலி முதல் ஒலியோடு கலந்து, அதற்குக் கனம் கூட்டுகிறது. இடைவெளி நீண்டால் அது பிரிந்து இன்னொரு குரலாகிவிடுகிறது. கோயில் மண்டபத்தில் பாட்டு இனிமையாக ஒலிப்பது, எண்ணற்ற சிறு பிரதிபலிப்புகள் இப்படிக் கலந்து நிற்பதால். செயலியில் உள்ள ‘டிலே’ என்ற எக்கோ வசதி செய்வது வேறு வேலை. அது சொல்லை அப்படியே பிடித்து, அரை நொடி கழித்து மறுபடி சொல்லிக் காட்டுகிறது. அப்போது கேட்பவரின் கவனம் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பாதி புதிய சொல்லிலும், மறு பாதி திரும்பிவந்த பழைய சொல்லிலும். அந்தப் பிரிவுக்கு ஏற்ற கூலி கிடைக்கும் இடத்தில் மட்டுமே அதைக் கேட்பவரிடம் கோரலாம்.

இந்தக் கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது. நாடாவில் பதிவு செய்த காலத்தில், பதிவுத் தலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒலிக்கும் தலை இருந்தது. நாடா அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரம்தான் எதிரொலியின் இடைவெளி. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் இரு தலைகளுக்கும் நடுவே 2 அங்குலம் இருந்தால், 133 மில்லி நொடி கழித்து ஒலி திரும்பும். 1950களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் தம் சன் ஸ்டுடியோவில் இந்த முறையால்தான் எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்கு ஒரு துடிப்பைக் கொடுத்தார். 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த கிங் டபி அடுத்த அடியை வைத்தார். பதிவான பாட்டில் குரலைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, ஒரு சொல்லையோ அரைச் சொல்லையோ மட்டும் விரலசைவில் எக்கோவுக்குள் தள்ளினார். அந்தத் துண்டு வெறும் தாளத்தின் மேல் மிதந்து தேய்ந்து மறையும். ‘டப்’ என்ற இசை வகையே இப்படிப்பட்ட விரலசைவுகளால் உருவானது. எந்தச் சொல்லை அனுப்புவது, எப்போது மூடுவது என்பதைக் கையும் காதும் சேர்ந்து முடிவு செய்தன. எக்கோவை ஒரு முறை திருப்பிவைத்துவிட்டு எழுந்துபோகும் பழக்கம், அந்தக் கையைப் பாட்டிலிருந்து விலக்கிவிட்டது.

தமிழுக்கு உரிய சிக்கல் இனித்தான் வருகிறது. ஒரு வரி முடியும் சொல்லில் டிலேயைத் திறப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆங்கிலப் பாட்டில் இயைபு வரியின் கடைசியில் இருப்பதால், அங்கே எதிரொலி அந்த அழகையே அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. தமிழ் யாப்பு தன் அழகைப் பெரும்பாலும் அடியின் தலையில் வைத்திருக்கிறது. மோனை முதல் எழுத்தில் வரும். எதுகை இரண்டாம் எழுத்தில் வரும். நிமிடத்துக்கு 100 தட்டு போகும் பாட்டில் ஒரு தட்டு 600 மில்லி நொடி. தட்டுக்கு ஒன்றாக மூன்று முறை எதிரொலித்தால் 1.8 நொடி ஆகும். வரி முடிந்து ஒரு தட்டே இடைவெளி இருக்கிறது என்றால், மற்ற இரண்டு எதிரொலிகளும் அடுத்த அடியின் தலையில் போய் விழும். எதுகை நிற்கவேண்டிய இடத்தில் பழைய வரியின் வால் ஆடிக்கொண்டிருக்கும். திரைப்பாட்டிலும் மெல்லிசையிலும் இயைபுக்கும் நல்ல இடம் உண்டு. அப்படிப்பட்ட வரிகளில் முடிவில் எதிரொலி வைப்பதும் பொருந்தும். எந்த வரியின் அழகு தலையில் இருக்கிறது, எந்த வரியின் அழகு ஈற்றில் இருக்கிறது என்று பார்த்துச் செய்யவேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

சொல்லின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. காலம், இடம், மறுப்பு எல்லாம் அந்த வினையின் ஈற்றில் ஒட்டிக்கொள்கின்றன. நீளமான சொல்லை டிலேக்கு அனுப்பினால், முன்பகுதியின் எதிரொலி பின்பகுதிக்கு அடியில் புதைந்துபோகும். தெளிவாகக் கேட்பது ஈறு மட்டுமே. ‘வரவில்லை’ என்று பாடினால் ‘இல்லை, இல்லை’ என்று திரும்பும். பிரிவைச் சொல்லும் பாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ‘காத்திருக்கிறேன்’ என்று பாடினால் ‘கிறேன், கிறேன்’ என்று திரும்பும். அதில் காத்திருத்தலும் இல்லை, ஏக்கமும் இல்லை. நெடிலில் முடியும் சொல் எதிரொலியில் நீண்டு கரையும். வல்லின இரட்டிப்பு உள்ள சொல் ஆணி அடிப்பதுபோல் மறுபடி மறுபடி தட்டும். கமகத்தோடு வளைத்துப் பாடிய சொல்லின் எதிரொலி அடுத்த சுரத்தோடு உரசும். ஒரே சுரத்தில் நிறுத்திய சொல் அப்படி உரசுவது குறைவு. இவற்றையெல்லாம் எந்தச் செயலியும் அறியாது. மொழி தெரிந்த காது மட்டுமே அறியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் உண்டு. புதிதாகப் பாடுகிறவர்களுக்கு எக்கோ ஒரு துணிச்சல், சிறு பிசிறுகளை அது மறைக்கிறது என்பது முதல் காரணம். துணிச்சல் வேண்டியதுதான். பாடும்போது ஹெட்போனில் மட்டும் எக்கோ கேட்கும்படி வைத்துக்கொள்ளப் பல செயலிகளில் வழி இருக்கிறது; அது பதிவில் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் டிலே பிசிறை மறைக்கும் என்பது தவறான நம்பிக்கை. சுருதி தவறிய ஓர் எழுத்தை அது மூன்று முறை கேட்கவைக்கிறது. உண்மையில் மறைவது உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் லகரமும் கலங்கிப்போன பாட்டில் பாடியவரின் உழைப்பு யாருக்கும் தெரியாது.

இது ரசனை சார்ந்தது, பாட்டு முழுக்க எக்கோ வைத்த பெரும் கலைஞர்கள் இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. மேலே சொன்ன மெம்ஃபிஸ் பாணியில் எதிரொலி குரல் முழுவதிலும் இருந்தது. ஆனால் அது மிகக் குறுகிய இடைவெளியில் ஒரே ஒரு முறை திரும்பும் ஒலி. சற்றுப் பிரிந்து கேட்டாலும் குரலின் நிறமாகவே ஆகிவிடுவது. அதைப் பாட்டு முழுக்க வைக்கலாம், மண்டபத்தின் முழக்கம் போன்ற ரிவெர்பையும் அளவோடு வைக்கலாம். என் வாதம் சொல்லைத் திருப்பிச் சொல்லும் நீண்ட டிலேயைப் பற்றியது. நிறம் எங்கும் பரவலாம். பேச்சு குறுக்கிடக் கூடாது.

ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுக்க நேரமும் பயிற்சியும் யாருக்கு இருக்கிறது என்பது மூன்றாவது மறுப்பு. உண்மையில் வேலை சிறியது. வேண்டிய சொல்லை மட்டும் வெட்டி இன்னொரு டிராக்கில் வைத்து, அந்த டிராக்குக்கு மட்டும் டிலே கொடுத்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியிலேயே இதைச் செய்யலாம். இடைவெளியைக் கணக்கிட 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால், ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி நொடி என்பது வந்துவிடும். எதிரொலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் குறைத்துவிட்டால், அது தொலைபேசிக் குரல்போல மெலிந்து பின்னால் போய் நிற்கும். பாடுகிற குரலுக்கு வழிவிடும். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கைபேசியின் ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்கவேண்டும், ஏனென்றால் பலரும் அதில்தான் கேட்கப்போகிறார்கள். அங்கே அடுத்த வரியின் முதல் சொல் புரியவில்லை என்றால் எதிரொலி அதிகம் என்று பொருள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. கணினியைத் திறக்குமுன் பாட்டைத் தாளில் எழுதி, கேட்டு முடித்தவர் மனத்தில் எந்தச் சொல் தங்கவேண்டும் என்று யோசித்து, அதன் கீழ் ஒரு கோடு போடவேண்டும். அதற்குப் பின்னால் தாளத்தில் இடம் இருக்கிறதா, அதன் ஈறு தனியாகக் கேட்டாலும் பொருள் தருகிறதா, அடுத்த அடியின் எதுகை மறையாமல் தப்புகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அந்தச் சொல்லுக்கு எதிரொலி கொடுக்கலாம். கோடு போட ஒரு சொல்லும் அகப்படவில்லை என்றால், அந்தப் பாட்டை வெறுங்குரலிலேயே விட்டுவிடலாம்.