பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதுமா?

ஊரில் ஒருவருக்குப் பெரிய விபத்து என்று செய்தி வந்தால் முதல் மூன்று நாட்களுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இடம் இருக்காது. ஒன்றுவிட்ட சித்தப்பா, பழைய பக்கத்து வீட்டுக்காரர், பள்ளியில் கூடப் படித்தவர் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். கையில் ஆப்பிள், சாத்துக்குடி, ஆர்லிக்ஸ் பாட்டில். "எப்படி ஆச்சு?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அந்த வீட்டுப் பெண்மணியும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி, ஒவ்வொரு முறையும் அழுது முடிப்பார். "எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்புவார்கள்.

மூன்றாவது வாரம் கூட்டம் பாதியாகும். மூன்றாவது மாதம்? அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது பால்காரரும் கடன்காரரும் மட்டுமே.

வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. உண்மையான அன்போடுதான் வந்தார்கள். ஆனால் விசாரிப்பது வேறு, துணை நிற்பது வேறு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பல குடும்பங்கள் விபத்தில் ஒரு முறையும், விபத்துக்குப் பிறகு இன்னொரு முறையும் அடிபடுகின்றன.

இது எங்கோ ஒரு சிலருக்கு நடப்பதும் அல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்களின் கணக்கைச் செய்தித்தாள் சொல்லிவிடுகிறது. படுகாயத்தோடு வீடு திரும்பியவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பங்களை யார் கணக்கெடுப்பது?

ஒரு கால் முறிந்தால் இரண்டு பேருக்கு வேலை போகிறது

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னேரியை எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஏரி, பழைய கோயில், பட்டுத்தறி. இவைதான் அந்த ஊரின் அடையாளம். ஒரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் கல், ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகள். அதே சாலைகளில்தான் நெசவாளி பாவும் ஊடையும் கட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் போய் வர வேண்டும்.

அப்படிப் போய் வரும் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "கை நல்லாத்தானே இருக்கு, உட்கார்ந்து செய்யற வேலைதானே" என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். குழித்தறியைப் பார்த்தவர் கேட்க மாட்டார். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். கால் இல்லாமல் தறி இல்லை.

கோர்வைப் புடவை நெய்யும் வீடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிணைக்க நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் அது மனைவியோ, மகளோ, தம்பியோதான். ஆக, சாலையில் விழுந்தவர் ஒருவர், வேலை இழந்தவர்கள் இரண்டு பேர். கூலி புடவைக் கணக்கில் வருவதால் புடவை இறங்காவிட்டால் கூலியும் இல்லை. அவர்களுக்கு மருத்துவ விடுப்பு என்று ஒன்று கிடையாது. ஏற்கெனவே வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும்.

வணிகவியல் படிப்பவர்கள் இந்த வீட்டுக்கு ஒரு வரவு செலவு எழுதிப் பார்க்கலாம். வரவுப் பக்கம் காலி. செலவுப் பக்கத்தில் மருந்து, ஸ்கேன், ஆட்டோ, ஆஸ்பத்திரியில் தங்குபவரின் சாப்பாடு, குழந்தையின் பள்ளிக் கட்டணம், வட்டி. இதில் எழுதப்படாத ஒரு செலவும் உண்டு. பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்பவரின் தூக்கமும், உழைப்பும், இழந்த கூலியும்தான் அது.

நீதிமன்றம் போட்ட கணக்கு

அந்த எழுதப்படாத செலவுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2007ல் ஹரியானாவில் நடந்த விபத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி மூளையில் அடிபட்டு, வாழ்நாள் முழுவதும் பிறரை நம்பியே இருக்கும் நிலைக்கு ஆளானாள். 2020 பிப்ரவரியில் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அவளைக் கவனிக்க இரண்டு பேர் வேண்டும் என்றது. ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் கணக்கிட்டு, கவனிப்புச் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் கொடுத்தது. மொத்த இழப்பீடு 62,27,000 ரூபாய்.

இரண்டு பேர்! நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு இது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பகலுக்கும் இரவுக்கும் ஒரே ஆள்தான். அவரே சமைக்கிறார், அவரே படுக்கையை மாற்றுகிறார், அவரே மாத்திரை கொடுக்கிறார், அவரே கடன்காரருக்குப் பதில் சொல்கிறார். உண்மையில் துணை தேவைப்படுவது அவருக்குத்தான். படுத்திருப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள், பக்கத்தில் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை.

"கூப்பிடுங்க" என்பது உதவியா?

"எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க" என்ற வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேட்க வேண்டிய பாரத்தை அது நொந்துபோன குடும்பத்தின் தலையிலேயே வைக்கிறது. தன்மானம் உள்ள யாரும் எளிதில் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "செவ்வாய், வெள்ளி ராத்திரி நான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கறேன் அக்கா, நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்று சொல்வதுதான் உதவி. "பசங்களை ஸ்கூலில் விட்டுக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு" என்பதும் உதவிதான். நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் "சரி" என்று மட்டும் சொன்னால் போதும்.

செய்யாமல் இருப்பதும் சில சமயம் பெரிய உதவியாகும். ஹெல்மெட் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று இப்போது சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் அதை ஆயிரம் முறை நினைத்திருக்கும். அடிபட்டவரின் படத்தை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியதில்லை. தறிக்கு முன்பணம் கொடுத்தவர் நான்கு மாதம் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே போதும், அந்த வீட்டில் அடுப்பெரியும்.

படித்தவர்கள் செய்யக்கூடியது

பணம் இல்லாத கல்லூரி மாணவர் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்ய முடியும், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு வருவது காகிதங்களின் காலம்.

தமிழ்நாடு அரசின் "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 7 நாட்கள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இரண்டிலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் மனைவியால் இதைச் செய்ய முடியாது. கூடப் போகும் ஒரு மாணவரால் முடியும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு யார் அலைவது? அதையும் அவர் செய்யலாம். அடிபட்டவர் தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2010ல் வந்த திருத்தத்தின்படி வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்கும் அதில் பலன் உண்டு. வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபிக்கு, 2021ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "கூலிக்காரனுக்கு வருமானச் சான்று எங்கே?" என்று தயங்கவும் தேவையில்லை. ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம், அமைப்புசாராத் தொழிலாளியிடம் ஆவணங்களை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, அவர் கூறிய வருமானத்தையே ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் நெசவுக்கூலி எழுதிய சிட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கையெழுத்து வாங்க வரும் இடைத்தரகர்களிடம் சிக்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

மொய் நோட்டு எங்கே?

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுகிற சமூகம் இது. யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டுப் போட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய நாளில் மறக்காமல் செய்கிறார்கள். யாரும் கையேந்துவதில்லை, யாரும் தானம் கொடுப்பதுமில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு. இதைவிட அழகான ஒரு நிதி ஏற்பாட்டை எந்தப் பாடப்புத்தகத்தில் தேடுவது?

சந்தோஷத்துக்கு இருக்கும் அந்த நோட்டு, விபத்து நடந்த வீட்டுக்கு ஏன் இல்லை? தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரு நோட்டுப் போடலாம். பணம் இருப்பவர் பணம் எழுதட்டும். இல்லாதவர் ஓர் இரவு எழுதட்டும், ஒரு வேளைச் சாப்பாடு எழுதட்டும், தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை எழுதட்டும். அதையும் முதல் வாரத்துக்கு மட்டும் இல்லாமல் ஆறு மாதத்துக்குப் பிரித்து எழுதட்டும். நோட்டில் இருப்பது கடன் என்பதால் வாங்குபவருக்கும் கூச்சம் இருக்காது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது தென்னேரிக்காரர்களுக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேர் புறப்படும்போது வடம் பிடிக்கக் கூட்டம் அலைமோதும். நிலைக்கு வந்து சேரும் வரை வடத்தை விடாமல் பிடித்திருப்பவர்கள் சிலர்தான்.

அடுத்த முறை விபத்து நடந்த ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகட்டும், தப்பில்லை. ஆனால் திரும்பி வருவதற்கு முன், மூன்றாவது மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு வரட்டும்.